பதினோராம் எண் கூண்டு

தோழா!

தூத்துக்குடித் துறைமுகத்திலே ஒரு கம்பம் நிற்கிறது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டு, வெள்ளையன் வணிகத்தை எதிர்த்துக் கலம் விட்ட வ. உ. சிதம்பரனார் பெயரை இன்று தாங்கி நிற்கும் துறைமுகம் அது. வங்கக் கடலிலே காற்றுச் சுழலத் தொடங்கியதும் அந்தக் கம்பத்திலே கூண்டு ஏறுகிறது. பகலிலே கூம்பும் உருளையும். இரவிலே சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். மறுநாள் காலை, “தூத்துக்குடியில் 3-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு” என்று ஏடுகள் எழுதுகின்றன. தேநீர்க் கடையிலே ஒருவர் உரக்கப் படிக்கிறார், நால்வர் கேட்கிறார்கள். “கூண்டு ஏத்திட்டாங்களாம்” என்கிறார் ஒருவர். “வருஷா வருஷம் ஏத்துறதுதானே” என்கிறார் மற்றவர். ஏடு மடிக்கப்படுகிறது. தேநீர் ஆறுமுன் செய்தி ஆறிவிடுகிறது!

கேட்கிறேன் தோழா, அந்த எண்ணின் பொருள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1-ம் 2-ம், தொலைதூரக் கடலிலே கேடு உருவாகியிருக்கிறது என்று புறப்படும் கப்பலுக்குச் சொல்வன. 3-ம் 4-ம், துறைமுகத்துக்கே தொல்லை நெருங்குகிறது என்பன. 5 என்றால், வரும் புயல் துறைமுகத்தைத் தன் பாதைக்கு இடப்புறம் விட்டுக் கரை கடக்கும். 6 என்றால் வலப்புறம் விட்டுக் கடக்கும். 7 என்றால் துறைமுகத்தின் மேலோ அருகிலோ கடக்கும். இதே மூன்று நிலையும் கடும்புயலுக்கு 8, 9, 10 ஆகும். இடம் வலம் என்பதிலே என்ன இருக்கிறது என்று எண்ணாதே. நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வது. கிழக்கிலிருந்து அது வரும்போது வலப்புறத்துக் காற்று கடலை அள்ளிக் கரைமேல் கொட்டும். அந்த ஓர் எண்ணிலே ஒரு குப்பத்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கிறது.

பத்தோடு முடிந்ததா? இல்லை. பதினொன்று என்று ஓர் எண் உண்டு. அதன் பொருள் என்ன தெரியுமா? வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. எனினும் ஆபத்து இருக்கிறது என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார்! மேலிடத்துச் சொல் இல்லை, கம்பி அறுந்துவிட்டது. ஆயினும் அந்த மனிதன், தன் கண்ணையும் கடமையையும் நம்பிக் கூண்டை ஏற்றுகிறான். இன்று உன்னோடு நான் பேச வந்தது அந்தப் பதினோராம் எண்ணைப் பற்றித்தான்.

இரண்டு இரயில்களின் கதை சொல்கிறேன், கேள்.

1964 டிசம்பர் 22. நள்ளிரவு நெருங்கும் நேரம். இலங்கையைக் கடந்து வந்த கொடும்புயல் பாம்பனையும் தனுஷ்கோடியையும் அறைந்துகொண்டிருந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கியது. கைகாட்டி செயல்படவில்லை என்றும், வண்டி சற்று நின்று பார்த்துவிட்டு ஊதலை நீள ஒலித்தபடி முன்னேறியது என்றும் சொல்வார்கள். எழுந்து வந்த கடல் வண்டியை வாரிக்கொண்டு போயிற்று. நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் அந்த வண்டியோடு மறைந்தன. ஊரும் மறைந்தது. குற்றம் ஓட்டியவர் மீது அன்று. இருளிலே நின்றவனுக்கு வழிசொல்ல எவரும் இல்லை என்பதே குற்றம்.

2023 டிசம்பர் 17. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட வண்டி. உள்ளே ஏறத்தாழ 800 பேர். வானம் பிளந்ததுபோல் மழை. தண்டவாளத்தின் கீழிருந்த சல்லியை வெள்ளம் அரித்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும், ஸ்ரீவைகுண்டத்திலே நிலைய அதிகாரி வண்டியை நிறுத்திவிட்டார். சிலர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஞ்சியோர், சுற்றிலும் வெள்ளம் சூழ, 19-ஆம் நாள் வரை அங்கேயே இருந்தனர். சோறு? அரசின் ஊர்தி வர இயலவில்லை. அருகே இருந்த புதுக்குடிக் கிராமத்து மக்கள் அடுப்பு மூட்டினார்கள். தம் வீட்டிலும் வெள்ளம் புகுந்த நேரத்திலே, முகமறியாத பயணிகளுக்குப் பொங்கிப் போட்டார்கள். ஓர் உயிர்கூட அந்த வண்டிக்குள் வெள்ளத்துக்குப் பலியாகவில்லை.

முதல் வண்டிக்கும் இரண்டாம் வண்டிக்கும் இடையே 59 ஆண்டுகள். ஆனால் அந்த 800 பேரைக் காத்தது ஆண்டுகளா? அறிவியலா? அறிவியல் துணைநின்றது, மறுக்கவில்லை. காத்தது, “நிறுத்து” என்று சொல்லத் துணிந்த ஒருவரும், உலை வைக்கத் துணிந்த ஒரு கிராமமும்! பதினோராம் கூண்டு என்றேனே, அது இதுதான்.

“நமக்கென்ன தோழா, நாகைக்கும் கடலூருக்கும்தானே புயல் வரும்? நமக்கு இலங்கை மதிலாக நிற்கிறதே!” என்று தென்பாண்டிக் கரையிலே சொல்லக் கேட்டிருக்கிறேன். மதில் உண்மைதான். ஆனால் மதிலைத் தாண்டி வந்தவை உண்டு. 1992 நவம்பர் 13-ஆம் நாள் தூத்துக்குடி அருகிலேயே புயல் கரை கடந்தது. மாஞ்சோலை மலையிலே மாமழை கொட்ட, தாமிரபரணி கரை கொள்ளாமல் பெருகியது. 2020 டிசம்பரில் ‘புரெவி’ திரிகோணமலையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள்ளேயே வந்து நின்று, பிறகே வலுவிழந்தது. 2025 நவம்பர் இறுதியிலே ‘தித்வா’ அந்த மதிலையே உடைத்ததுபோல் இலங்கையைச் சிதைத்தது. அங்கே அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேயிலை மலைகளிலே மண் சரிந்து குடும்பம் குடும்பமாக மூடியது. மதில் என்று நாம் அழைக்கும் மண்ணிலே வாழ்வோரும் மனிதர். அவர்களிலே நம் மொழி பேசும் தொழிலாளரும் உண்டு என்பதை மறந்து, மதில் என்று சொல்லி மகிழ்வது நமக்கு அழகன்று.

இன்னொன்றும் கேள். 2023 டிசம்பரில் நம்மை மூழ்கடித்தது புயலே அன்று! பெயர்கூடச் சூட்டப்படாத ஒரு மேலடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஓராண்டு முழுவதும் அந்த வட்டாரத்தில் பெய்யும் மழைக்கும் மேலானது ஒரே நாளிலே! குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, மின்சாரம் போயிற்று, கைபேசி ஊமையாயிற்று. பெற்ற மகன் சென்னையிலே, பெற்றவள் ஏரலிலே. உயிரோடு இருக்கிறாளா என்று அறிய நாள்கணக்கில் தவித்தவர் எத்தனை பேர்! அந்த நேரத்திலே, “எச்சரிக்கை முன்னரே கொடுத்தோம்” என்றது தில்லி. “இவ்வளவு என்று சொல்லவில்லையே” என்றது சென்னை. வாதம் வளர்ந்தது. வாதத்தால் ஒரு வாளித் தண்ணீர் வடியவில்லை!

எச்சரிக்கையைத் துல்லியமாகத் தரவேண்டியது ஒன்றிய அரசின் கடமை. அதைக் கேட்டு இயங்க வேண்டியது மாநில அரசின் கடமை. இருவரையும் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்போம். ஆனால் தில்லியின் சொல் சென்னைக்கும், சென்னையின் சொல் மாவட்டத் தலைநகருக்கும் வந்தபிறகு, அங்கிருந்து திரேஸ்புரத்துக் கடைசிக் குடிசைக்கும், வேம்பாற்றுக் கடைசி வள்ளத்துக்கும் அதைக் கொண்டுசேர்ப்பவன் யார்? அந்தக் கடைசி ஒரு கல் தொலைவுக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஆள் இல்லை. அந்த ஆள் நீ!

சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல அனுமதி கொடு. வீட்டுக்குள் பேசும் பேச்சு இது. வெள்ளம் வடிந்ததும் நம்மவர் காட்டும் சுறுசுறுப்பை நான் அறிவேன். அரிசி மூட்டை, போர்வை, பால் மாவு. இடுப்பளவு நீரிலே இறங்கித் தோளிலே முதியவரைச் சுமந்து வந்த தோழர்களை எண்ணி நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதற்கு முந்திய வாரம்? கூண்டு ஏறிய நாளில்? அப்போது எங்கே இருந்தோம்? கொடுப்பதற்குப் படம் உண்டு, பாராட்டு உண்டு, வரவேற்பு வளைவு உண்டு. தடுப்பதற்கு ஏது படம்? இடிந்த வீட்டின் முன்னே நின்றால் ஏட்டில் வரும். இடியாத வீட்டின் முன்னே நின்றால் எவன் படம் எடுப்பான்? நிவாரணத்துக்குக் கைதட்டலுண்டு, முன்னேற்பாட்டுக்கு இல்லை. அதனாலேயே அது நடப்பதில்லை!

நாட்டுக்கும் இதே நோய்தான். 1964 புயலிலே சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளிலே மீண்டும் நிறுத்தினார்கள், வரலாறு போற்றுகிறது, போற்றட்டும். ஆனால் தனுஷ்கோடியை எந்தப் பொறியாளராலும் மீண்டும் நிறுத்த முடியவில்லையே! இரும்பைத் தூக்கி நிறுத்தலாம். இறந்தவரை நிறுத்த முடியுமா?

முடியாததை முடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1970 நவம்பரிலே அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலாத் தீவுப் பகுதியைத் தாக்கிய புயலிலே மாண்டோர் மூன்று லட்சத்துக்கும் குறையாதவர். மேற்கே இருந்த ஆட்சி மெத்தனம் காட்டியது. அடுத்த திங்களே தேர்தல். மக்கள் தந்த தீர்ப்பு உலகறியும். மறு ஆண்டு புதுநாடே பிறந்தது. புறக்கணிக்கப்பட்ட கண்ணீருக்கு அவ்வளவு வலிமை! ஆனால் எனக்கு வியப்பு அதிலில்லை. புதுநாடு பிறந்ததும் அவர்கள் என்ன செய்தார்கள்? செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து, ஊர்தோறும் புயல் தொண்டர் படை அமைத்தார்கள். கொடி ஏற்றி, கையிலே ஒலிபெருக்கி பிடித்து, மிதிவண்டியிலே வீடு வீடாகச் சென்று எச்சரிக்கும் படை. இன்று அதிலே 76,000 பேர், பாதிப்பேர் பெண்கள். 2020 மே திங்களில் ‘ஆம்பன்’ அடித்தபோது இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரை அவர்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள்; அங்கே உயிரிழப்பு சில பத்துகள். லட்சங்கள் எங்கே, பத்துகள் எங்கே!

அயல்நாடு வேண்டாம் என்றால் ஒடிசாவைப் பார். 1999 அக்டோபரில் பாரதீப் துறைமுகத்தருகே கரைகடந்த பெரும்புயல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைத் தின்றது. அதன்பின் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். ஊர்தோறும் ஒத்திகை நடத்தினார்கள். 2013-இல் ‘பைலின்’ வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் காப்பிடம் சேர்ந்தனர். இழப்பு சில பத்துகளோடு நின்றது. நான் மேடைக்கு நாடகம் எழுதுபவன். எவ்வளவு தேர்ந்த நடிகனாயினும், ஒத்திகை இல்லாமல் திரை தூக்கினால் வசனம் மறந்து நிற்பான் என்பதைக் கண்டவன். புயலிரவில் திரை தூக்குவது காற்று. ஒத்திகை பார்க்காத ஊர் வசனத்தையா மறக்கும், உயிரையல்லவா இழக்கும்!

நம் கடலுக்குள்ளே இருப்பவனை மறந்துவிட்டு, கரையைப் பற்றியே பேசினால் அது பாதிப் பேச்சு. 2017 நவம்பர் இறுதியில் ‘ஒக்கி’ வந்ததே! 29-ஆம் நாள் தாழ்வு மண்டலம். 30-ஆம் நாள் காலையிலே புயல். நாள்கணக்கில் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவருக்கு யார் போய்ச் சொல்வது? கரையிலே கூண்டு ஏறியது. கடலிலே அவன் காதுக்கு எட்டவில்லை. குமரியிலும் கேரளத்திலுமாக இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர் திரும்பவில்லை. எச்சரிக்கை என்பது சொன்னவன் கணக்கிலே முடிவதன்று; கேட்டவன் காதிலே முடிவது. அதனால்தான் கேட்கிறோம்: ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் செயற்கைக்கோள் வழிச் செய்தி தரும் கருவி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும்.

கடலுக்குள்ளே இயற்கை கட்டிய மதில் ஒன்றும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள். அவற்றைச் சூழ்ந்து பவளப்பாறைகள். அலையின் முதல் அடியைத் தாம் வாங்கிக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கரைக்கு அனுப்பும் காவலர்கள் அவை. நாம் என்ன செய்தோம்? சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் என்று பல்லாண்டுக் காலம் அந்தப் பாறைகளை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றினோம். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. வான் தீவு தேய்ந்து தேய்ந்து திட்டாக நின்றது. இன்று அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கவேண்டி வந்துவிட்டது. முத்துக்குளித்த கடலிலே முத்தும் போய் அறுபதாண்டு கடந்துவிட்டது, மதிலும் போகவேண்டுமா? புயலுக்கு ஆயத்தம் என்பது கூண்டு ஏறிய நாளிலே தொடங்குவதன்று. பாறை வெட்டுபவன் கையைத் தடுத்த நாளிலேயே தொடங்குவது.

“சரி, நான் செய்ய வேண்டியது என்ன?” என்கிறாயா? சொல்கிறேன். பெரிய பணம் வேண்டாம். கிளைக் கழகமும் படிப்பகமும் போதும்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கு. ஐப்பசி பிறக்குமுன், உன் தெருவிலே நடக்க முடியாத முதியவர் எவர், நிறைமாதக் கர்ப்பிணி எவர், கண் தெரியாதவர் எவர், தனியே வாழும் பெண் எவர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரைத் தூக்கி வரப்போகிற தோழன் பெயரை எழுது. எதிர்க்கட்சிக்காரன் வீட்டைத் தாண்டிப் போகாதே. வெள்ளம் கொடியின் நிறம் பார்ப்பதில்லை. வடநாட்டிலிருந்து பிழைக்க வந்து, துறைமுகப் பக்கத்துக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் தொழிலாளியையும் எழுது. தமிழ் எழுத்தறியாத அவனுக்கு நம் துண்டறிக்கை பயன்படாது, நேரில் போய்ச் சொல்.

இரண்டாவது, ஒரு கேள்வி கேள்: பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது? புயல் காப்பிடம் என்று ஏட்டிலே எழுதியிருக்கும் கட்டடத்தின் பூட்டை நள்ளிரவு இரண்டு மணிக்குத் திறக்கப் போகிறவர் யார்? அங்கே விளக்கு உண்டா, தண்ணீர் உண்டா, பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் உண்டா? இல்லையென்றால் தாய்மார் வரமாட்டார்கள்; வராததற்கு அவர்களைக் குறைசொல்லாதே. இப்போதே மனு கொடு. மனு போதவில்லையென்றால் போராடு. சாவு விழுந்த பின் நடத்தும் கண்டன ஊர்வலத்தைவிட, சாவிக்காக இன்று நடத்தும் ஒரு மறியல் உயர்ந்தது.

மூன்றாவது, படகு. கடனிலே வாங்கிய வள்ளத்தைக் கரையிலே விட்டு வரமாட்டேன் என்பான் மீனவன். பிடிவாதம் என்று பேசாதே. அவனுக்கு அதுவே நிலம், அதுவே நகை, அதுவே மகளின் திருமணம். படகைக் காக்காமல் படகுக்காரனைக் காக்க முடியாது. பத்துப் பேராகப் போய் வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். எந்திரத்தைக் கழற்றி வைக்கத் துணைசெய்யுங்கள். பிறகு கூப்பிட்டுப் பார், வருவான்.

நான்காவது, வீடு. தகரக் கூரையையும் ஓலைக் கூரையையும் கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொல். கூரைமேல் தளர்ந்த கல்லை வைக்கவேண்டாம். காற்று அதைக் குண்டாக்கி எறியும், மணல்மூட்டையே நல்லது. பட்ட கிளையை வெட்டு. முற்றிய தேங்காயை இறக்கு. குடும்ப அட்டை, நிலப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் நீர் புகாத உறையிலே போட்டுக் கட்டச் சொல். அவலும் பொரிகடலையும், மூன்று நாளைக்குக் குடிநீரும், சர்க்கரை நோயாளிக்கு மருந்தும் எடுத்துவைக்கச் சொல். ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்துவிடச் சொல். காற்று திடீரென்று ஓய்ந்தால் வெளியே ஓடிவர வேண்டாம் என்று நூறு முறை சொல். அது புயலின் கண்ணாக இருக்கலாம், சற்றுப் பொறுத்து எதிர்த்திசையிலிருந்து அதே வெறியோடு வீசும்.

ஐந்தாவது, குளம். கரை எங்கே பலவீனம், மறுகால் எங்கே அடைபட்டது, வாய்க்காலை எவன் வளைத்துக் கட்டினான்? வளைத்தவன் நம் கட்சிக்காரனாக இருந்தால் முதலில் அவனிடம் போ!

கடைசியாக, குரல். கைபேசி ஊமையாகும் என்பதைக் கண்டுவிட்டோம். 1077-ஐயும், கடலிலே தவிப்போருக்காகக் கடலோரக் காவல் படையின் 1554-ஐயும் சுவரிலே எழுதிவை. ஆனால் அவை கிடைக்காத இரவுக்கும் வழி வை. பனிமய மாதா கோயில் மணி, காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி, அம்மன் கோயில் முரசு, நம் படிப்பகத்துக் குழாய் ஒலிபெருக்கி, எதுவானால் என்ன? நமக்குக் கொள்கை உண்டு. ஆனால் சாவுக்கு முன்னே ஓர் ஊரை எழுப்பும் ஓசை எதுவோ, அது நம் ஓசை. பங்குத்தந்தையையும் ஜமாஅத்தாரையும் ஊர்த் தலைவரையும் ஒரு நாள் படிப்பகத்துக்கு அழைத்து, எந்த ஓசைக்கு என்ன பொருள் என்று முடிவுசெய்துகொள்.

இத்தனையும் செய்து, புயல் திசைமாறிப் போய்விட்டால்? “வீணாக அலைக்கழித்தாயே” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நூறு முறை சிரிப்புக்கு ஆளாவது, ஒரே ஒரு முறை ஒப்பாரிக்கு ஆளாவதைவிட மேலானது.

தோழா! கம்பத்திலே ஏறும் பத்துக் கூண்டுகளும் மேலிடத்துச் சொல்லால் ஏறுவன. மின்சாரம் போய், சாலை அறுந்து, தலைமையின் குரலும் எட்டாத இரவிலே, எவர் ஆணைக்கும் காத்திராமல் ஏறவேண்டியது பதினொன்று. அந்த இரவு வரும்போது, உன் தெரு கண்திறந்து பார்க்கும். யாராவது வருகிறார்களா என்று. கையிலே விளக்கோடும் நோட்டுப் புத்தகத்தோடும் நீ வரவேண்டும்.

இன்றே போய் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வா!